டொன்காஸ்டர் சேற்றில் மக் ஸ்வீனி

குதிரைப் பந்தயக் கடையில் என்னோடு வாக்குவாதப்பட்ட ஓட்டோத் தம்பிக்காக இதை எழுதுகிறேன். கட்டாயம் வாசிப்பேன் என்று சொல்லியிருக்கிறார். மூக்குக்கண்ணாடி கைக்கு அகப்படாவிட்டால் மகளைக் கொண்டு வாசிப்பிப்பாராம். மற்றவர்களும் வாசிக்கலாம். எதன்மேல் பணம் கட்டுவது என்று அறிய வந்தவர்கள் மட்டும் இப்போதே போய்விடலாம். அது இதில் இல்லை.

அவருடைய வாதம் இதுதான்: "ஐயா, காய்ந்த தரையில் எந்தக் குதிரையும் ஓடும். சேற்றில் ஓடி வென்றதுதான் குதிரை. அடுத்த வருடம் அது நல்ல தரைக்கு வந்தால் மற்றவை கிட்டவும் நிற்காது." கடையில் நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியே ஐப்பசி மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்ததால் என் பதில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்களும் ஏற்கவில்லை. கேட்பதற்கு அவர் சொல்வது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு வயதுக் குட்டிகளின் ஓட்டத்தில் அந்த நியாயம் பெரும்பாலும் செல்லாது. சேற்றில் வென்ற குட்டியைப் பாதிதான் நம்ப வேண்டும். தோற்ற குட்டியின் தோல்வியை நம்பவே கூடாது என்பது என் கட்சி.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கந்தளாய், தம்பலகாமம், மூதூர் என்று வாய்க்கால் வரம்பிலும் குளக்கட்டிலும் திரிந்ததில், மண் எப்போது இறுகும், எப்போது வழுக்கும், எப்போது காலைப் பிடித்து இழுக்கும் என்பது ஓரளவு பிடிபட்டது. குதிரை பிற்பாடு வந்தது. மற்றவர்கள் பந்தயத் தாளில் முதலில் ஜொக்கியின் பெயரைத் தேடுவார்கள். நான் மேல் மூலையில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும் தரை நிலையைத் தேடுவேன். இது மண் ஆராய்ச்சி என்று வீட்டில் எத்தனை தடவை சொல்லியும் மனைவி நம்புவதாக இல்லை.

ஊர் அறியாதவர்களுக்கு ஒரு சொல். இலங்கையில் குதிரைப் பந்தயம் என்றவுடன் சித்திரை மாதத்து நுவரெலியாதான் நினைவுக்கு வரும். ஆனால் வருடம் முழுவதும் ஊர்ப் பந்தயக் கடைகளில் பணம் புரளுவது இங்கிலாந்து, அயர்லாந்துக் குதிரைகளின் மேல். வூல்வர்ஹாம்டன், பொன்டிபிராக்ட், மார்க்கட் ரேசன் என்ற பெயர்களெல்லாம் திருகோணமலைச் சந்தையில் மீன் வெட்டுகிறவருக்கும் தண்ணீர்ப்பட்ட பாடு. அந்த ஊர்களை வரைபடத்தில் காட்டச் சொன்னால் யாராலும் காட்ட முடியாது. ஆனால் எந்தத் திடல் இடப்பக்கம் திரும்பும், எது வலப்பக்கம் திரும்பும் என்று கேட்டால் உடனே பதில் வரும். அங்கே கோடை நேரம் நடக்கும்போது பிற்பகல் 3 மணி ஓட்டம் இங்கே இரவு 7.30க்கு. ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் அதே ஓட்டம் 8.30க்குப் போய்விடும். அந்த வாரம் கடையில் ஒரே குழப்பமாக இருக்கும்.

2020இல் அந்த ஞாயிறு ஒக்டோபர் 25. நான் பிரித்துப் பார்க்கப் போகும் ஓட்டம் அதற்கு முதல் நாள், சனிக்கிழமை, டொன்காஸ்டரில் நடந்தது. வேர்டெம் ஃபியூச்சரிட்டி டிராபி. 1961இல் தொடங்கிய ஓட்டம். பணம் தருகிறவர் மாற மாறப் பெயரும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டு வயதுக் குதிரைகளுக்கு மட்டும், ஒரு மைல், குரூப் 1, அதாவது உச்சத் தரம். இங்கிலாந்தில் தடை தாண்டாத தட்டை ஓட்டப் பருவம் முடியும் தறுவாயில் வருவதால், அடுத்த வருடத்து டெர்பிக் குதிரையை (எப்சமில் மூன்று வயதுக் குதிரைகள் ஓடும் பெரிய ஓட்டம் அது) இங்கே தேடுவது வழக்கம். தேடுவதில் தவறும் இல்லை: ஹை சப்பரல், மோட்டிவேட்டர், ஓதரைஸ்ட், கமெலொட் ஆகிய நான்கும் இதை வென்றுவிட்டுத்தான் டெர்பியையும் வென்றன.

ஒக்டோபர் கடைசி என்பதால் மழை இந்த ஓட்டத்தோடு கூடப்பிறந்தது. அதற்கு முந்தைய வருடம், 2019இல், டொன்காஸ்டரில் தண்ணீர் தேங்கி ஓட்டத்தையே கைவிட்டார்கள். பிறகு அதை நியூகாசிலுக்குக் கொண்டுபோய்ச் செயற்கைத் தரையில் நடத்தினார்கள். பிரித்தானியாவில் செயற்கைத் தரையில் நடந்த முதல் குரூப் 1 ஓட்டம் அது. வென்ற கமெக்கோ அடுத்த வருடம் நியூமார்க்கட்டில் மூன்று வயதுக் குதிரைகளின் 2000 கினீஸ் ஓட்டத்தையும் வென்றது. 2020இல் அந்த அளவுக்குப் போகவில்லை. தரை ஹெவி, அதாவது ஈரம் ஊறிச் சேறான தரை, என்று அறிவித்தார்கள், ஓட்டம் நடந்தது. கொரோனாக் காலம், பார்வையாளர் மேடை வெறுமையாகக் கிடந்தது.

வென்றது மக் ஸ்வீனி. 12க்கு 1, அதாவது ஒன்று கட்டினால் இலாபம் பன்னிரண்டு. ஒன் ரூலர் முக்கால் நீளம் (ஒரு குதிரையின் உடல் நீளம்தான் அளவு) பின்னால் இரண்டாவது. பராதார் மூன்றாவது. பலருடைய பணத்தையும் சுமந்து வந்த வெம்பிளி நான்காவது.

மக் ஸ்வீனியின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் இல்லை. கோர்க் நகர மேயராக இருந்த டெரன்ஸ் மக்ஸ்வீனி, லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாநோன்பிருந்து 1920 ஒக்டோபர் 25இல் உயிர்விட்டவர். அது எப்படிப்பட்ட சாவு என்று நம் ஊர் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. குதிரையை வளர்த்துப் பழக்கிய ஜிம் போல்ஜர், அவர் பெயரைத்தான் குட்டிக்கு வைத்தார். நூறாவது நினைவு நாளுக்கு முதல் நாள், இங்கிலாந்து மண்ணிலேயே அது வென்றது. மேலே ஏறியிருந்தவர் போல்ஜரின் மருமகன் கெவின் மானிங். அப்போது அவருக்கு 53 வயது. கதை என்று பார்த்தால் இதைவிட நல்ல கதை கிடைக்காது. ஆனால் கதை வேறு, கணக்கு வேறு.

கணக்குக்கு வருவோம். ஆறு வாரத்துக்கு முன், செப்டெம்பரில், அயர்லாந்தின் கரா திடலில் நஷனல் ஸ்டேக்ஸ் நடந்தது. தண்டர் மூன் முதலாவது, வெம்பிளி இரண்டாவது. அதே ஓட்டத்தில் மக் ஸ்வீனி எட்டாவது, எங்கோ பின்னால். வெம்பிளி ஒக்டோபர் 10இல் நியூமார்க்கட்டின் குரூப் 1 ஓட்டமான டூஹேர்ஸ்டிலும் இரண்டாவதாக வந்தது. இந்த இரண்டையும் வைத்துக் கூட்டிக் கழித்தால், டொன்காஸ்டரில் மக் ஸ்வீனிக்கு வெம்பிளி பல நீளம் முன்னால் முடித்திருக்க வேண்டும். தலைகீழாக நடந்தது. கடையில் உடனே தீர்ப்பு வாசித்தார்கள்: மக் ஸ்வீனி பெரிய குதிரை, வெம்பிளி பேர்தான் பெரிது.

தாளை இன்னும் ஒரு வரி பின்னுக்கு வாசித்திருந்தால் போதும். ஓகஸ்டில் மக் ஸ்வீனி கராவில் ஃபியூச்சரிட்டி ஸ்டேக்ஸ் வென்றிருந்தது, மழையில் ஊறிய தரையில். ஈரத் தரையில் வெற்றி, காய்ந்த தரையில் எட்டாமிடம், மறுபடி ஈரத்தில் வெற்றி. நஷனல் ஸ்டேக்ஸில் அது தோற்றதற்குத் தரை ஒன்றுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். குட்டிகள் மனிதப் பிள்ளைகளைவிட மோசம், ஒரு நாள் போல ஒரு நாள் இராது. ஆனால் இரண்டு வயதுக் குதிரை ஒக்டோபர் வரைக்கும் ஓடியிருப்பதே கைவிரலில் எண்ணக்கூடிய தடவைகள். அதில் ஒரு தடவை சேற்றில் ஓடி வென்றிருக்கிறது என்றால், எதிரே நிற்கும் குட்டிகளில் பலவற்றுக்குக் கிடைக்காத ஒரு பரீட்சையை அது முன்கூட்டியே எழுதிவிட்டது. அப்படிப்பட்ட குதிரைக்கு 12க்கு 1 கொடுத்தது தாராளம். கடையில் அதைப் பிடித்தவர்கள் யாரும் தாள் பார்த்துப் பிடிக்கவில்லை, பெயர் பார்த்துப் பிடித்தார்கள் என்பது வேறு விடயம்.

இனி என் பாடம், மண். ஹெவி என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறார்கள். அதற்குள் குறைந்தது இரண்டு வகைச் சேறு உண்டு.

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தவர்களுக்கு அட்டர்பெர்க் எல்லைகள் தெரிந்திருக்கும். சுவீடன்காரர் ஒருவர் நூறு வருடங்களுக்கு முன் வகுத்தவை. களிமண்ணைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கண்ணாடித் தட்டில் உள்ளங்கையால் நூலாக உருட்டுவோம். மூன்று மில்லிமீற்றர் தடிப்புக்கு வரும்போது நூல் வெடித்து உதிர்ந்தால், அதுதான் பிளாஸ்டிக் எல்லை. இன்னும் தண்ணீர் விட்டு, பித்தளைக் கிண்ணத்தில் அப்பி, நடுவே ஒரு கீறல் போட்டுக் கைப்பிடியைச் சுழற்றுவோம். கிண்ணம் டக் டக்கென்று அடியில் விழும். 25 அடியில் கீறலின் இரு பக்கமும் சேர்ந்து மூடிக்கொண்டால், அது திரவ எல்லை. முதலாவது எல்லைக்கும் இரண்டாவது எல்லைக்கும் நடுவில் இருக்கும் மண்தான் சனியன். வைத்த காலை விடாது. சப்பாத்தைக் கழற்றி எடுத்துக்கொள்ளும். திரவ எல்லையைத் தாண்டிவிட்டாலோ மண் கூழாகிவிடும். கால் அடிவரைக்கும் போகும், ஆனால் இலகுவாக வெளியே வரும்.

தம்பலகாமத்து வயலில் உழவு மாதத்தில் நடந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் கடகடவென்று நடந்துவிடலாம். தண்ணீர் வடிந்து இரண்டு நாள் வெயில் பட்ட வயலில்தான் பத்து அடி வைப்பதற்குள் தொடை நோகும்.

ஓடு திடலிலும் இதே கதைதான். அன்று காலை முழுக்க மழை கொட்டி நீர் தெறிக்கும் ஹெவி ஒன்று. நான்கு நாளுக்கு முன் பெய்து, இப்போது காற்றில் காய்ந்து பசையாகிக்கொண்டிருக்கும் ஹெவி இன்னொன்று. முதலாவதில் வேகமுள்ள குதிரை எப்படியாவது நீந்திப் போய்விடும். இரண்டாவதில் வலுவும் மூச்சும் உள்ளது மட்டும்தான் தப்பும். பந்தயத் தாளில் இரண்டுக்கும் ஒரே சொல். அங்கே தரையை அளக்க ஒரு கோல் வைத்திருக்கிறார்கள். மண்ணுக்குள் குத்தி, பிறகு சரித்து இழுப்பார்கள். எவ்வளவு ஆழம் போகிறது, இழுக்கும்போது மண் எவ்வளவு எதிர்க்கிறது என்ற இரண்டையும் சேர்த்து ஓர் எண்ணைத் தரும். எண் குறையக் குறைய ஈரம் அதிகம். நல்ல கருவிதான், எங்கள் திணைக்களத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் எவ்வளவு வேலை மிச்சம் என்று பொறாமையாகவும் இருக்கிறது. ஆனால் ஒரே எண்ணுக்குள் இரண்டு அளவையும் போட்டுக் குழைத்துவிடுவதால், எனக்கு வேண்டிய பசை எவ்வளவு என்பது அதில் மறைந்துபோகிறது.

அதனால் நான் செய்வது, முதல் ஓட்டத்திலிருந்து ஜொக்கிகளின் வெள்ளைக் காற்சட்டையைப் பார்ப்பது. திரும்பி வரும்போது முழங்காலுக்குக் கீழே சின்னச் சின்னப் புள்ளியாக நனைந்திருந்தால் கூழ். முகத்திலும் நெஞ்சிலும் பெரிய கட்டி கட்டியாக அப்பியிருந்தால் பசை. தொலைக்காட்சியில் அரை நிமிடம் காட்டுவார்கள். கடையில் அந்த நேரத்தில் எல்லோரும் துண்டைக் கிழித்துக்கொண்டோ, காசு வாங்க முண்டியடித்துக்கொண்டோ நிற்பதால் யாரும் பார்ப்பதில்லை.

அடுத்தது இடைவெளி. தம்பியின் வாதத்தின் அச்சாணியே இதுதான்: "சேற்றில் ஐந்து நீளம் வென்றது, ஐயா, ஐந்து நீளம்!" பிரித்தானியாவில் முடிவுக் கோட்டு இடைவெளியை நேரத்திலிருந்துதான் நீளமாக மாற்றுகிறார்கள். தரை நன்றாக இருந்தால் ஒரு விநாடிக்கு ஆறு நீளம். சேறாக இருந்தால் ஐந்து. அதாவது சேற்றில் ஒரு நீளம் என்பது நேரத்தில் கொஞ்சம் பெரிய நீளம். அதுவரைக்கும் தம்பி பக்கம்தான் கணக்கு.

ஆனால் அந்த நேரம் எப்படி உண்டானது என்று பார்க்க வேண்டும். கடைசி ஃபர்லாங், 201 மீற்றர். காய்ந்த தரையில் நல்ல குட்டி அதைப் பன்னிரண்டு விநாடி அளவில் முடிக்கும். முன்னால் போவது உண்மையாகவே வேகமெடுத்துப் போகும். சேற்றில் யாரும் வேகமெடுப்பதில்லை. எல்லாமே தளர்ந்துகொண்டு வரும். ஒன்று கொஞ்சம் தளரும், மற்றது நிறையத் தளரும், இன்னொன்று நடக்கவே தொடங்கிவிடும். முன்னால் பறப்பது போலத் தெரிகிற குதிரை, உண்மையில் எல்லாவற்றிலும் குறைவாகத் தளர்ந்த குதிரை. ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் வென்ற குதிரையின் மேலேயே ஒட்டியிருப்பதால், பின்னால் நிற்பவை நின்றதைக் காணாமல், இது ஓடியதை மட்டும் காண்கிறது. ஜொக்கிகளும் மனிதர்கள்; முடிந்த குதிரையைச் சேற்றில் அடித்து விரட்டி ஆறாமிடத்தை ஐந்தாமிடமாக்க யாரும் மினக்கெடுவதில்லை, கையைத் தளர்த்திவிடுவார்கள். அதனால்தான் சேற்று ஓட்டங்களில் கடைசிக் குதிரை முப்பது நீளம், நாற்பது நீளம் பின்னால் வந்து சேர்கிறது. அந்த நாற்பதை எடுத்து அடுத்த வருடக் கணக்கில் போடுவது வீண் வேலை.

இந்த வகையில் மக் ஸ்வீனியின் வெற்றியில் எனக்குப் பிடித்தது அந்த முக்கால் நீளம்தான். பத்து நீளத்தில் வென்றிருந்தால், மற்றவை சேற்றில் செத்துவிட்டன, இது மட்டும் சாகவில்லை என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பேன். ஒன் ரூலர் கடைசிவரை விடவில்லை. அது இரண்டு வாரத்துக்கு முன் நியூமார்க்கட்டில் ஓட்டம் ஸ்டேக்ஸ் (Autumn Stakes) வென்றுவிட்டு வந்த குதிரை. உண்மையான குதிரை ஒன்று உண்மையாகத் துரத்தியும் பிடிக்க முடியவில்லை என்பதற்கு, செத்த குதிரைகளுக்கு முன்னால் பத்து நீளம் என்பதைவிட மதிப்பு அதிகம்.

குட்டிகள் என்பதை நான் இழுத்து இழுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வடகோளத்தில் பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் பிறந்தநாள் ஜனவரி 1. பெப்ரவரியில் பிறந்ததும் மே மாதத்தில் பிறந்ததும் தாளில் ஒரே வயது. ஒக்டோபரில் ஒன்று ஏறக்குறைய இரண்டே முக்கால் வயது, மற்றது இரண்டரைக்கும் குறைவு. காய்ந்த தரையில் அந்த மூன்று மாத வித்தியாசம் ஓரளவுக்கு மறைந்துவிடும், சுறுசுறுப்பால் சமாளித்துக்கொள்ளும். சேற்றில் மறையாது. ஒவ்வொரு எட்டுக்கும் குளம்பைப் பிடுங்கி எடுக்கப் பின்தொடையில் தசை வேண்டும். அது காலம் கொடுத்தால்தான் வரும். பெண் குட்டிகளுக்கு மூன்று இறாத்தல் சலுகை தருகிறார்கள். மே மாதத்தில் பிறந்ததற்குச் சலுகை இல்லை. எலும்பு இன்னும் இறுகாத, உயரமாக வளர்ந்துகொண்டிருக்கிற குட்டி ஒன்று சேற்றில் ஆறாவது ஃபர்லாங்கில் நின்றுவிட்டால், அடுத்த வருடம் வைகாசியில் அதே குட்டியைப் பார்த்தால் அடையாளமே தெரியாது.

வம்சமும் இங்கே பேசும். மக் ஸ்வீனியின் தகப்பன் நியூ அப்ரோச். தாயின் தகப்பன் டெயோஃபிலோ. இரண்டும் போல்ஜர் பழக்கிய குதிரைகள். இரண்டும் இரண்டு வயதில் தோல்வியே காணாதவை, இரண்டும் டூஹேர்ஸ்ட் வென்றவை. இரண்டுக்கும் தகப்பன் கலிலியோ. ஆக, இந்தக் குட்டியின் இரத்தத்தில் இரண்டு பக்கத்தாலும் கலிலியோ வருகிறது. டெர்பித் தூரம் ஓடக்கூடிய மூச்சு அந்த வம்சத்துச் சொத்து. சேற்றில் ஒரு மைல் ஓடுவது, காய்ந்த தரையில் ஒன்றேகால் மைல் ஓடுவதற்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், மைல் தூரத்துக்கு மட்டும் பிறந்த குட்டி கடைசியில் தள்ளாடுவதும் நெடுந்தூரத்துக்குப் பிறந்தது நிமிர்ந்து வருவதும் வியப்பில்லை. வெம்பிளியும் கலிலியோவின் பிள்ளைதானே என்று தம்பி கேட்டார். சரியான கேள்வி. ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்தான் டூஹேர்ஸ்டில் கடைசி மூச்சுவரை ஓடி இரண்டாமிடம் பிடித்த குட்டி அது. இரண்டு வயதில் பதினான்கு நாளுக்குள் இரண்டு குரூப் 1, இரண்டாவது சேற்றில்.

பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தம்பி விடமாட்டார்.

2021 மே 22இல் ஐரிஷ் 2000 கினீஸ், மறுபடியும் கரா, மறுபடியும் ஈரம். போல்ஜரின் இரண்டு குதிரைகள் ஓடின: நியூமார்க்கட் 2000 கினீஸை வென்றிருந்த பொயட்டிக் ஃபிளேர், அதோடு மக் ஸ்வீனி. மானிங் ஏறியது பொயட்டிக் ஃபிளேரில். மக் ஸ்வீனியில் ரோரி கிளியரி. மயிரிழை வித்தியாசத்தில் மக் ஸ்வீனி வென்றது. கடையில் நம் தம்பியின் குரல் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். "சொன்னேனா இல்லையா?" ஆனால் பொயட்டிக் ஃபிளேர் மே 1இல் நியூமார்க்கட், 16இல் பிரான்ஸ், 22இல் கரா என்று மூன்று வாரத்தில் மூன்று கினீஸ் ஓடியிருந்தது. அப்படிக் களைத்த குதிரையையும் ஈரத்தில் மயிரிழையில்தான் வெல்ல முடிந்தது. அடுத்த மாதம் அஸ்கொட்டில் காய்ந்த தரைக்கு வந்ததும் பொயட்டிக் ஃபிளேர் செயின்ட் ஜேம்ஸஸ் பேலஸ் ஸ்டேக்ஸை நான்கு நீளத்துக்கும் மேல் வென்றது. மக் ஸ்வீனி எப்சம் டெர்பியில் நான்காவது, ஒக்டோபரில் அஸ்கொட் சாம்பியன் ஸ்டேக்ஸில் மூன்றாவது. நல்ல குதிரை, மறுப்பே இல்லை. தம்பி சொன்னது போல "மற்றவை கிட்டவும் நிற்காத" குதிரையா? இல்லை.

எதிர்ப்பக்கத்துச் சாட்சி ஒகுஸ்த் ரொதான். 2022இல் இதே டொன்காஸ்டர் ஓட்டத்தை, இதே போலச் சேறாகக் கிடந்த தரையில், மூன்றரை நீளத்தில் வென்றது. எபிக்டீட்டஸ் இரண்டாவது. தகப்பன் ஜப்பானின் டீப் இம்பாக்ட்; காய்ந்த தரையில் மின்னல் போலப் பாய்கிற வம்சம் அது. தம்பியின் சூத்திரப்படி இது சேற்றுக் குதிரை. அடுத்த வருடம் 2000 கினீஸ் ஈரத் தரையில் வந்தது. பதினான்கு குதிரைகளில் பன்னிரண்டாவது! ஜூனில் தரை காய்ந்தது, எப்சம் டெர்பியை வென்றது. அடுத்து ஐரிஷ் டெர்பி. அஸ்கொட் கிங் ஜோர்ஜில் கடைசி. பிறகு ஐரிஷ் சாம்பியன், அமெரிக்காவில் பிரீடர்ஸ் கப். இந்தக் குதிரையை எந்தச் சூத்திரத்துக்குள்ளும் அடைக்க முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: டொன்காஸ்டரில் அது சேற்றை விரும்பியதால் வெல்லவில்லை, சேற்றையும் மீறி வென்றது. மக் ஸ்வீனிக்குச் சேறு துணை நின்றது. இரண்டு வெற்றியும் தாளில் ஒரே மாதிரி இருக்கும்; முதலாமிடம், ஹெவி, ஒரு மைல்.

வெம்பிளிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். மூன்று வயதில் பெரிய பரிசு எதையும் அது வெல்லவில்லை. தோல்வியை நம்பாதே என்று நான் சொன்னதற்கு இது இடிக்கிறதே என்றால், இடிக்கவில்லை. சேற்றுத் தோல்வியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் குதிரை வேகமாகிவிடாது. கேள்வி திரும்பவும் திறந்துகொள்ளும், அவ்வளவுதான். சில குட்டிகள் இரண்டு வயதிலேயே தங்கள் முழு உயரத்தையும் எட்டிவிடுகின்றன. அதை டொன்காஸ்டர் சேறு சொல்லித் தராது, நியூமார்க்கட் வசந்தம்தான் சொல்லித் தரும்.

இப்போது மறுபடியும் ஐப்பசி. இங்கே உட்துறைமுக வீதியில் கணுக்கால் அளவு தண்ணீர், அங்கே டொன்காஸ்டர் ஓட்டம் வருகிறது. தம்பி, நீர் காலையிலேயே துண்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஓட்டோவில் போய்ப் படுக்கிற ஆள். இந்தத் தடவை முதல் இரண்டு ஓட்டங்கள் முடியும்வரை பொறும். வென்றவற்றின் நேரத்தைத் தாளில் இருக்கும் வழமையான நேரத்தோடு வைத்துப் பாரும், காற்சட்டைச் சேற்றையும் பாரும். ஜொக்கிகள் எந்தக் கரைக்கு ஒதுங்கி ஓடுகிறார்கள் என்று பாரும். மிதிபடாத புல் அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு குட்டிகளின் பெயர்களைப் பார்த்து, ஏற்கெனவே சேற்றில் ஓடியது எது, மூச்சுள்ள வம்சம் எது, இரண்டு வாரத்துக்குள் களைத்து வந்தது எது என்று கோடு போடும். அதற்கு மேலும் கட்டத்தான் வேண்டுமென்றால், வீட்டுக்குக் கறி வாங்கிவிட்டு மிஞ்சியதைக் கட்டும். தோற்ற குட்டிகளின் பெயர்களைத் துண்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாரும். சித்திரையில் உட்கார்ந்து பார்ப்போம்.